சிலந்தியின் முன் முழங்காலிட்டவன் எழுதுகிறேன்

அன்புள்ள மகனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பார்க்கிறாய், பதில் போடுவதில்லை. "ஜெபத்துல இருந்திருப்பான், விடுங்க" என்று உன் அம்மா உனக்காக அவளே சாக்குச் சொல்லிக்கொள்கிறாள். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினால் யாராவது ஒருவர் உன் கையில் கொண்டுவந்து கொடுக்க மாட்டாரா என்றுதான் இதை நம் சபைகளுக்குப் போகிற மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. திருவண்ணாமலையில் கேமரா மாட்டுகிற கிறிஸ்தவன் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும். வெட்கப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது, அது என்னிடம் இப்போது கம்மி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நீ நிறுத்திவிட்டாய் என்று எங்களுக்குத் தெரியும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் உன் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். சென்னையில் நீ போகிற ஜெபக்குழுவில் ஒரு பிரதர் உன் தலையில் கை வைத்து, உனக்குள் இருந்த வலிப்பின் ஆவி வெளியே போய்விட்டது, இனி மாத்திரை போட்டால் அது அவிசுவாசம் என்று சொன்னாராம். நீயும் மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டாயாம். கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து, சுகமானேன் என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லப் போகிறாயாம். குளியலறையில் வழுக்கி விழுந்தேன், புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறது என்று எங்களிடம் சொன்னாயே, அது எந்த வழுக்கல் என்றும் அவள்தான் சொன்னாள். முதலில் "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்று கெஞ்சினாள். இதை எழுதுவதற்கு முன்னால் நானே அவளைக் கேட்டேன். "எழுதுங்க அங்கிள். கோச்சிக்கினா கோச்சிக்கட்டும், ஆளு இருந்தா போதும்" என்றாள். நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறாய்.

அப்பா கேமராக்காரர், எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பார், அவருக்கு விசுவாசத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்கிறாய். போன தீபாவளி லீவுக்கு வந்தபோது முகத்துக்கு நேராகவே சொன்னாய். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் ஜாஸ்தியாகப் பேசிவிடுவேன், உன் அம்மா அழுவாள், பிறகு யாரும் சாப்பிட மாட்டோம். அன்றைக்குப் பேசாததை இப்போது பேசுகிறேன். நடுவில் நிறுத்திவிடாமல் படி.

உனக்கு முதல் தடவை வந்தது நம் ஊர் பஸ் ஸ்டாண்டில், ஒரு பௌர்ணமி அன்று. ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இறங்கினோம். கிரிவலக் கூட்டம் எள் போட இடமில்லாமல் நிற்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் திடீரென்று கையை உருவிக்கொண்டு விழுந்தாய். கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை. உன் அம்மா போட்ட சத்தத்தில் பஸ்ஸிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து உன் கையில் திணித்தார். மலை சுற்ற வந்த ஒரு அம்மாள் மடியிலிருந்த திருநீற்றை அள்ளி உன் நெற்றி முழுக்க அப்பி, "அண்ணாமலையாரே, பச்சப் புள்ளைய்யா" என்று கதறினாள். உன் அம்மா கைப்பையிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து உன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். நானா? நான் ஒன்றும் செய்யவில்லை. உன் செருப்பு ஒன்று கழன்று கூட்டத்துக்குள் போய்விட்டது. நான் குனிந்து அந்தச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஆட்டோக்கார பாய்தான் எல்லோரையும் அதட்டினார். "அட தள்ளுங்கய்யா, புள்ளைக்கு காத்து வரட்டும். வேடிக்கை பாத்தது போதும், தூக்குங்க!" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துடைத்துவிடும் வரைக்கும் உன் நெற்றியில் அந்தத் திருநீறு அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற உன் அம்மா அதைத் துடைக்கவில்லை. பல நாள் கழித்து அவளைக் கேட்டேன். "அந்த நேரத்துல யாரு வந்தாலும் வரட்டும்னு இருந்துச்சிங்க. மொதல்ல புள்ள கண்ண தொறக்கணும்" என்றாள். இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. பத்திரிகையில் போட்டதற்கு என்னைக் கடிந்துகொள்வாள். ஆனால் பயம் என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

வேலூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒரு இடத்தில் கரண்ட் தாறுமாறாகப் பாய்கிறது என்றார். வயர் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. அடி அண்ணாமலையில் ஒரு புளியமரத்தடியில் நீ ஒன்றுக்குப் போனாயாம், முனி அறைந்துவிட்டதாம். சொன்னது யார்? உன் பெரியப்பா. ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து முதல் பெஞ்சில் உட்காருகிறவர். சபையில் சிலர் அதையே வேறு பேரில் சொன்னார்கள். முனி கினி எல்லாம் கிடையாது பிரதர், இது பிசாசின் கிரியை என்றார்கள். எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் உன்னைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜெப வீட்டுக்குப் போனேன். பெற்றவனிடம் போ என்று நாலு பேர் சொன்னால் போகாமல் இருக்க முடியாது.

அந்த ஜெப வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. ஒருவர் உன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் என்ன, சொல்லு!" என்று உன் வாய்க்குள் பார்த்துக் கத்தினார். நீ உன் பெயரைச் சொன்னாய். "அந்தப் பேர் இல்ல, நெஜமான பேர சொல்லு!" என்று உலுக்கினார். நீ பயந்துபோய் இனிஷியலோடு முழுப்பெயரையும் சொல்லி, எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்றும் சொன்னாய். சுற்றியிருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கலெக்டர் ஆபீஸ் தாண்டினதும் கேட்டாய்: "அப்பா, எனக்குள்ள யாருனா இருக்காங்களா?"

வண்டியை ஓரங்கட்டினேன். "யாரும் இல்லடா. நீ மட்டும்தான் இருக்கற" என்றேன். நீ நம்பவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள், யாரும் பார்க்காதபோது கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா பல் வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தாள். நான் விஷயம் தெரிந்தும் சும்மா இருந்தேன். இன்றைக்கு நீ சம்பாதிக்கிற ஆள், ஆங்கிலத்தில் போன் பேசுகிற ஆள். ஆனாலும் யாரோ ஒருத்தர் உன்னை மறுபடியும் நிற்க வைத்து, உனக்குள் ஒன்று இருந்தது என்று சொல்லியிருக்கிறார், நீயும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாய். எனக்குத் தாங்காதது அதுதான்.

இப்போது கேமரா விஷயத்துக்கு வருகிறேன். அதிலிருந்துதான் நீ என்னைவிட்டு விலகிப் போனாய் என்று எனக்குத் தெரியும்.

நீ காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். லீவு நாட்களில் என்னோடு வேலைக்கு வருவாய். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிற ஏழுமலை ஒரு நாள் போன் போட்டார். "அண்ணே, உடனே வாங்க. கேமராவுல முனி மாட்டிக்கினாரு" என்றார். போனால் கடை முன்னால் திருவிழாக் கூட்டம். கொல்லைப் பக்கம் புளியமரத்தைப் பார்த்து நாம் மாட்டிக்கொடுத்த கேமராவில், இராத்திரி பதிவில், ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று ஆடி ஆடி வந்து மரத்துக்குள் புகுந்தது. நமக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் இருட்டில் எரியும். அந்தச் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தின்னச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் ஒட்டடை கட்டும். இழை ஒன்று காற்றில் அசைந்தால் போதும், திரையில் முனி, மோகினி எல்லாம் வரும். வாரத்துக்கு ஒரு கடையில் எனக்கு இதே வேலைதான். நீ ஏணியில் ஏறித் துணியால் துடைத்துவிட்டு, சிலந்தியை உள்ளங்கையில் வைத்து ஏழுமலையிடம் காட்டினாய். "இதுதாங்க உங்க முனி."

ஏழுமலை சிலந்தியை உற்றுப் பார்த்தார். கொஞ்சம்கூட அசரவில்லை. "கேமராவுல வந்தது பூச்சிதான் தம்பி, நான் ஒத்துக்கறேன். மரத்துல இருக்கறவரு மரத்துல இருக்காரு. அவரு இன்னாத்துக்கு கேமராவுல வந்து நிக்கப் போறாரு?" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். வீடு வரும் வரைக்கும் நீயும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உனக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் வரவில்லை.

அதே மாதம்தான் சபையில் அது நடந்தது. ஆம்ப்ளிஃபயர் திருடு போனதால் சபைக் கோயிலுக்குள் கேமரா மாட்டியிருந்தோம். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். உள் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவின் பதிவு. பீடத்துக்கு மேலே, சிலுவைக்குப் பக்கத்தில், வெள்ளையாக இரண்டு சிறகுகள் மெல்ல விரிந்து மடங்கின. மறுபடி விரிந்தன. தேவதூதன் என்று பெண்கள் அழுதார்கள். ஒருவர் பாட்டு எடுத்தார். இதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியவன் யார்? நான். அதற்கு முந்தைய வாரம்கூட ஏழுமலை கொல்லையில் சிரித்தவன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லையப்பா. பரீட்சை நேரத்தில் உனக்கு மறுபடி வலிப்பு வந்து, மாத்திரையைக் கூட்டியிருந்த சமயம் அது. இராத்திரியெல்லாம் நீ மூச்சு விடுகிறாயா என்று வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்று வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் முன்னால் ஒன்று வந்துவிட்டது. அது என் கோயில், என் சிலுவை. அங்கே ஒட்டடை இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தரையில் முழங்கால் போட்டுக் குழந்தை மாதிரி அழுதேன். நீ என் பக்கத்தில் முழங்கால் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்காகத்தான்ப்பா வந்திருக்காங்க" என்று என் காதில் சொன்னாய்.

புனித வெள்ளிக்கு முன்னால் எல்லாக் கேமராவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். நீதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாய். பீடத்துப் பக்கம் ஏறினேன். லென்ஸ் ஓரத்தில் ஒட்டடை, அதில் கடுகளவு சிலந்தி. மின்விசிறிக் காற்றில் அந்த இழை விரிந்து விரிந்து மடங்கியது. "இன்னாப்பா அங்க?" என்று கீழேயிருந்து கேட்டாய். "ஒன்னுமில்ல" என்றேன். கையில் துணியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். துடைக்காமல் இறங்கிவிடலாம் என்றும் பார்த்தேன். அது இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நீ என் காதில் சொன்னது ஞாபகம் வந்தது. உனக்காக ஒரு தூதன் வந்தான் என்று நம்பிக்கொண்டு, நாளைக்கு எதையாவது நீ கைவிட்டுவிட்டால்? எனக்கு அப்போதே அந்தப் பயம் வந்தது. துடைத்தேன். இறங்கி வந்து உன்னிடம் துணியைக் காட்டினேன். நீ ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

போதகர் நல்ல மனிதர். அது ஒட்டடை என்று நான் சொன்னதை அறைக்குள் உட்கார வைத்துக் கேட்டார். "எனக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணுச்சிங்க. ஆனா ஜனங்க அன்னிக்கு அழுதத பாத்தீங்கல்ல? கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார். என்னால் முடியவில்லை. ஈஸ்டர் ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, அது ஒட்டடை, நானே துடைத்தேன், நானும் ஏமாந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "முனிய கும்புடறவங்களே தேவலாம்" என்றார். அதற்கப்புறம் வெகு நாள், எதிரில் பார்த்தால் வணக்கமாகச் சொல்கிற ஸ்தோத்திரத்தைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. "முனின்னா சிரிக்கறீங்க. தூதன்னா முட்டி போட்டு அழுவறீங்க. அப்புறம் அதுவும் பூச்சின்றீங்க. எதத்தான்ப்பா நீங்க நம்பறீங்க?" என்றாய். "சாப்புடு, ஆறிடப் போவுது" என்றேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனதும், ஒட்டடையைத் துடைக்காத ஆட்களாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டாய்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பிந்திப் போய்விட்டது, ஆனாலும் கேள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறேன். கல்லறை வாசலில் கேமரா இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நீ ஒருமுறை விளையாட்டாகச் சொன்னாய். எனக்குத் தெரிந்து, இருந்திருந்தாலும் அன்றைக்குப் பார்த்து ஹார்டு டிஸ்க் போயிருக்கும். வேண்டிய நாளின் பதிவு எந்தக் கடையிலும் இருந்ததில்லை. ஆதாரம் கொடு என்றால் என்னிடம் இல்லை. ஆனால் அவர் திரும்பி வந்தபோது என்ன செய்தார் என்று யோசித்துப் பார். சீஷர்கள் ஆவியைப் பார்த்தது போல நடுங்கினார்கள். கேள்வி கேட்காதே, நம்பு என்று அவர் அதட்டவில்லை. கையைக் காட்டினார், காலைக் காட்டினார், தொட்டுப் பாருங்கள் என்றார். அப்படியும் திகைத்து நின்றார்கள் என்று, சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு, மீன் வாங்கி அவர்கள் எதிரிலேயே சாப்பிட்டார். ஆவியில்லை என்று காட்டுவதற்காக மீன் தின்ற தெய்வம் என்னுடையது. டாக்டரிடம் காட்டிச் சோதித்துப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும் என்று உன் பிரதர் சொல்கிறாரே, அது எந்தத் தெய்வம் என்று எனக்குத் தெரியவில்லை.

கர்த்தர் சுகமாக்க மாட்டாரா என்று கேட்பாய். ஆக்குவார். அவர் கையை நான் எதற்குத் தடுக்கப் போகிறேன்? நிஜமாகவே சுகமாக்கியிருந்தால் போய் டெஸ்ட் எடு. டாக்டர் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்தலாமா வேண்டாமா என்று சொல்லட்டும். உண்மைக்கு டெஸ்ட்டைக் கண்டு பயமில்லை. தூதர்கள் கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு வந்தது சிலந்தி, அவ்வளவுதான் சொல்கிறேன். இதில் ஒரு அநியாயம் இருக்கிறதே, அதை நீ கவனித்தாயா? நீ விழாமல் இருந்தால் பிரதருடைய ஜெபத்துக்கு மகிமை. விழுந்தால் உன் விசுவாசம் போதவில்லை என்று குற்றம் உன் தலையில். புருவத்தில் தையல் போட்டதும் உன்னிடம் அதைத்தானே சொன்னார்கள்? அந்தப் பெண் சொன்னாள்.

வலிப்பால் விழுந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையை அதன் தகப்பன் ஆண்டவரிடம் கூட்டிவந்த கதையை உன் பிரதர் கட்டாயம் சொல்லியிருப்பார். அந்த ஆவி, அது அலறியது, அது வெளியே போனது, இதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் அந்தத் தகப்பன்தான் தெரிகிறான். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற பிள்ளையைப் பின்னாலேயே ஓடி ஓடித் தூக்கினவன். நம்புகிறாயா என்று கேட்டதும், நம்புகிறேன், ஆனால் நம்பிக்கை போதவில்லை, அதற்கும் நீரே உதவி செய்யும் என்று அழுதவன். போ, உனக்கு விசுவாசம் போதாது என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லையே! பாதி நம்பிக்கையோடு வந்தவனின் பிள்ளையைத்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எனக்கும் பாதிதான் இருக்கிறது. சில நாள் அதுவும் கம்மி. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உன் மாத்திரை டப்பாவைக் காலையிலும் இரவிலும் திறந்து பார்த்தேன். நான் செய்த ஜெபத்தில் உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

கல்யாண மேடையில் நீ விழுந்துவிடுவாயோ என்று எனக்குப் பயமில்லை. விழுந்தால் பத்துப் பேர் பிடிப்போம், மானம் போனால் போகட்டும். சென்னை ரோட்டில் பைக்கில் போகிறாயே, பின்னால் லாரி வருகிறதே, அங்கே யார் பிடிப்பது? அங்கே விழுந்தால் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள், எங்களுக்குப் போன்தான் வரும். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதி இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தினால்தான். உன் மேல் கோபம், அந்த ஆள் மேல் கோபம், நீ கேட்ட அன்றைக்குப் பதில் சொல்லாமல் சோறு போட்ட என் மேலும் கோபம். இதைப் படித்த மறுநாளே அந்த வேலூர் டாக்டரிடம் போ. நிறுத்திவிட்டேன் என்று மறைக்காமல் சொல். திட்டுவார், வாங்கிக்கொள். மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று அவரே சொல்வார். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே. ஜெபக்குழுவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ.

இதற்கும் நீ பதில் போடாமல் இருக்கலாம். உன் அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. நேற்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டாள். கல்யாணச் சேலையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா கூடத்தில் பாயை விரித்து, நீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து போட்டாள். "பாத்துக்கோ கண்ணு. வாயில எதையும் வெக்காத. கைய கால அமுக்கி புடிக்காத. இப்பிடி ஒரு பக்கமா திருப்பி படுக்க வெச்சிட்டு, தலைக்கு கீழ எதுனா துணி மடிச்சி வை. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சினா 108க்கு போடு. பயந்துக்கினு வெளிய ஓடிடாத, பக்கத்துலயே இரு" என்று முட்டி வலியோடு குனிந்து செய்து காட்டினாள். அந்தப் பெண் அங்கே தன் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துத் தரையில் போட்டு, அதே மாதிரி திருப்பினாள். "சரியா ஆன்ட்டி?" என்றாள். அழாமல்தான் கேட்டாள். "எவ்ளோ நேரம் பக்கத்துல இருக்கணும்?" என்று கேட்டபோது உன் அம்மா தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். "அவன் கண்ண தொறந்து உன்ன அடையாளம் கண்டுக்கற வரைக்கும்மா."

அவள் தலையாட்டிவிட்டு, இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன் அங்கிள் என்று சொல்லி, அந்தத் தலையணையை மறுபடியும் மெதுவாகத் திருப்பினாள்.

உன் அப்பா